துளசியின் அறுநூறு சிசியும் நாலு வளையங்களும்

போன மாதம் நான் முன்பு வேலை செய்த கராஜிலிருந்து ஒரு இளம் மெக்கானிக் எனக்குப் போன் எடுத்தான். ஒரு தாய் வந்து நிற்கிறாவாம். மகன் அண்மையில்தான் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகியவன். அவனுடைய வண்டியின் பலத்தைக் குறைத்துவிட வேண்டும், ஆனால் அவனுக்குச் சொல்லக் கூடாது என்று கேட்கிறாவாம். இப்போதைய வண்டிகளில் அது ஒரு வேலையே இல்லை. கணினியைச் செருகினால் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். "செய்யட்டோ?" என்று கேட்டான். "செய்யாதே" என்றேன். "ஏன்?" என்றான். "ஓடுகிறவனைக் கூப்பிட்டுக் கேள், பிறகு செய்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிள்ளைகள் நீங்கள் மூன்று பேரும் அப்போது குசினியில்தான் இருந்தீர்கள். நீங்களும் அதே "ஏன்" என்பதைத்தான் கேட்டீர்கள். அந்தத் தாய் பாவம்தானே, பிள்ளையைக் காப்பாற்றத்தானே கேட்கிறா என்று சின்னவள் சொன்னாள். நான் பதில் சொல்லாமல் எழும்பிப் போனது உங்களுக்குக் கோபம். பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு ஆளின் கதையோடு சேர்ந்தது. அந்த ஆளைக் கேட்காமல் சொல்ல முடியாது. இப்போது கேட்டுவிட்டேன். "எழுதும் தம்பி, பிள்ளையள் அறியட்டும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை கண்டால் அம்மாவிடம் காட்டித் திருத்துங்கள். என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

மன்னாரில் தண்ணீர்ப் பம்பும் உழவு இயந்திரமும் திருத்தப் பழகினேன். மொன்றியலுக்கு வந்து முதலில் டவுன்டவுனில் சாப்பாட்டுக்கடைக் கோப்பை கழுவினேன். பிறகு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கினேன். சந்தைக்குப் பின் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ் இருந்தது. பெட்டி இறக்கி முடிந்ததும் அதன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அந்த முதலாளி, பார்த்துக்கொண்டு நிற்கிறவன் கூட்டவும் செய்யலாமே என்று தும்புத்தடியைக் கையில் தந்தார். இப்படித்தான் உள்ளே போனேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது எனக்கென்று ஒரு மேசையும் ஒரு பெட்டி ஸ்பானர்களும் இருந்தன. பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் விரல் வெடித்தது, பிரெஞ்சில் ஏச்சு வாங்கினேன், அவ்வளவுதான்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சில் முதலாளி என்று அர்த்தம். கட்டையான மனிதர். சத்தம் போட்டதை நான் ஒரு நாளும் கேட்கவில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் "ஆன்கோர்" என்பார். திரும்பவும் என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்கு நான் பயந்த அளவுக்கு வேறு எவருடைய ஏச்சுக்கும் பயந்ததில்லை. வண்டியின் சீற்றைத் தொடுவதற்கு முன் கையைத் துடைப்பார். வண்டிச் சொந்தக்காரர் பெரிய ஆளா சின்ன ஆளா என்று பார்க்க மாட்டார். கை மட்டும் துடைத்திருக்க வேண்டும்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் சட்டம் மாதிரி. ஒன்று, வண்டியைக் கழற்றிப் பூட்டியவன் எவனோ அவன்தான் அதை முதலில் ஓடிப் பார்க்க வேண்டும். மற்றது, என்ன செய்தோம் என்பதை ஓடுகிறவருக்கு முகத்துக்கு நேரே வாயால் சொல்ல வேண்டும். பில்லில் எழுதினால் போதாது. தகப்பனுக்கோ தமையனுக்கோ சொல்லி அனுப்பினாலும் போதாது. ஓடுகிறவருக்குத்தான் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. பனி கரைந்த முதல் வெயிலுக்கு ஊரில் உள்ள வண்டியெல்லாம் வாசலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்க ஏலுமா?

அதை எனக்கு விளங்க வைத்தது லூக் என்ற பெடியனின் வண்டி. அவன் பிரான்சுக்குப் படிக்கப் போகிறவன். வண்டியையும் கப்பலில் கொண்டு போகப் போகிறான். அங்கே அந்த நாளில் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்கள் பலம் குறைத்த வண்டிதான் ஓடலாம். அவனுடையதைக் குறைத்துத் தரும்படி கேட்டான். எங்கள் கராஜுக்கு அது அதுவரை வராத வேலை.

எப்படிக் குறைப்பது என்று சொல்கிறேன். எஞ்சின் காற்றையும் பெற்றோலையும் சேர்த்துத்தான் குடிக்கிறது. அந்த நாலு சிலிண்டர் வண்டியில் நாலு காபரேட்டர் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ரப்பர்க் குழாயால் எஞ்சினோடு சேர்ந்திருக்கும். அந்தக் குழாயின் வாயில் ஒரு உலோக வளையத்தை வைத்தால், நடுவில் உள்ள சின்னத் துளையால் மட்டும்தான் காற்றுப் போகும். காற்றுக் குறைந்தால் பலம் குறையும். கேட்கச் சின்ன வேலை. ஆனால் சீற்றைக் கழற்றி, பெற்றோல் தாங்கியைத் தூக்கி, காற்றுப் பெட்டியை இழுத்து, நாலு காபரேட்டரையும் ஒரே துண்டாக வெளியே எடுக்க வேண்டும். வளையம் நாலும் ஒரே அளவாக, நேராக இருக்க வேண்டும். ஒன்று சரிந்தாலும் பக்கத்தால் காற்று இழுத்து எஞ்சின் இருமும். பூட்டிய பிறகு நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி இழுக்கிறதா என்று அளவுமானி பூட்டிச் சரிபார்க்க வேண்டும். பத்ரோன் இரண்டு முறை "ஆன்கோர்" சொன்னார். மூன்றாம் முறை தலையசைத்தார். ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார்.

தெருவில் வண்டி பழையபடிதான் இருந்தது. சந்தியில் நின்றது, எடுத்தது, ஒரு வித்தியாசமும் இல்லை. நாற்பதாம் இலக்க அதிவேகச் சாலைக்கு ஏறினேன். ஏறுகிற பாதையில் என் இடப்பக்கம் ஒரு பார லொறி வந்தது. அதை முந்திக்கொண்டு உள்ளே போகலாம் என்று கை தானாகவே முறுக்கியது. எஞ்சின் இழுத்தது, இழுத்தது, பாதியில் நின்றுவிட்டது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தது மாதிரி. லொறியின் சில்லு என் தோள் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பாதை முடிந்துகொண்டு வந்தது. நான் இன்னும் முறுக்குகிறேன், முறுக்குவதற்கு மிச்சமில்லை. பிரேக்கைப் பிடித்து லொறிக்குப் பின்னால் விழுந்தேன். பின்னால் வந்த கார்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

கராஜுக்குத் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினேன். "என்ன தெரிந்தது?" என்று பத்ரோன் கேட்டார்.

"எஞ்சின் சரி" என்றேன்.

"எஞ்சினை நான் கேட்கவில்லை. உனக்கு என்ன தெரிந்தது?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வளையத்தை உன் கையால் வைத்தாய். உனக்குத் தெரியும். அப்படியிருந்தும் உன் கை மறந்துவிட்டது" என்றார். பிறகு லூக்கை வரச் சொல்லி, லொறிக் கதை உட்பட எல்லாவற்றையும் என்னைக் கொண்டு அவனுக்குச் சொல்ல வைத்தார். அவன் முதலில் சிரித்தான். தானும் ஒரு சுற்றுப் போய் வந்த பிறகு சிரிக்கவில்லை.

இனி யோகன் பெரியப்பாவின் கதை.

அவரை உங்களுக்குத் தெரியும். கோட்-டெ-நெய்ஜில் உள்ள ஆஸ்பத்திரியில் ஓடலியாக வேலை செய்தவர். நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறவர். உங்கள் அம்மாவுக்கு அதே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். நாங்கள் வேதக் கோயிலுக்கும் அவர்கள் சைவக் கோயிலுக்கும் போகிற ஆட்கள் என்றாலும், பொங்கலுக்கு அங்கேயிருந்தும் நத்தாருக்கு இங்கேயிருந்தும் சாப்பாடு போய் வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒரே மகள் துளசி. அப்போது அவள் ஒரு மருந்துக்கடைக்கு வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் காரோட்டி. கையில் இருந்த மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் நானூறு சிசி வரைக்கும் மட்டும் செல்லுபடியாகும்.

ஒரு கோடை காலத்தில் ஒரு நாள் காலையில் அவள் கராஜுக்கு வந்தாள். வந்தது ஒரு சிவப்பு அறுநூறு சிசி வண்டியில்.

"ஆற்றை வண்டி பிள்ளை?" என்று கேட்டேன்.

"என்ர அங்கிள். வேலையில ஒருத்தி வான்கூவருக்குப் போறாள், குறைஞ்ச விலைக்குத் தந்தவள். ரெண்டு கிழமையா ஓடுறன். ஒயில் மாத்தி விடுங்கோ, பின்னேரம் வந்து எடுக்கிறன். அப்பாவும் வருவார். உங்களோட ஏதோ கதைக்க வேணுமாம்."

"உன்ர லைசன்ஸ்?"

"அதெல்லாம் சரியாம். மாமான்ர பேப்பர் வந்திட்டுதாம்." மெட்ரோவுக்கு ஓடிவிட்டாள்.

என்ன பேப்பர் என்று எனக்கு விளங்கவில்லை. மத்தியானம் பெரியப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். வேலையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. என்னை ரயர் அடுக்கியிருக்கிற பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பையைத் திறந்தார். உள்ளே நாலு வளையங்கள். கூடவே பிரெஞ்சில் முத்திரை குத்திய ஒரு கடுதாசி.

"மச்சான் பாரிசிலயிருந்து அனுப்பினவன். அங்கை புதுசா ஓடுற பெடியள் இதைப் பூட்டித்தான் பெரிய வண்டி ஓடுறவங்களாம். பூட்டினா லைசன்சுக்குச் சரியாம். இந்தா பேப்பரும் இருக்கு."

"அண்ணை, அது அங்கை. இஞ்சை சிசியைத்தான் பாக்கிறாங்கள். பலத்தைப் பாக்கிறேல்லை."

"பேப்பர் பிரெஞ்சிலதானே இருக்கு!"

"பிரெஞ்சில இருந்தா?"

"இஞ்சையும் பிரெஞ்சுதானே தம்பி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். எங்கள் சனத்தின் வேலை இது. ஒரு குடும்பம் பாரிசிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் மொன்றியலிலும் பிரிந்து கிடக்கிறது. ஒரு ஊரின் சட்டம் போனில் மற்ற ஊருக்கு வந்து சேர்ந்துவிடும். சொல்கிறவர் மச்சான் என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. நான் அவருக்கு விளக்கினேன். சிசி என்பது பானையின் அளவு மாதிரி, வளையம் போடுவது பானையின் வாயைச் சுருக்குவது, வாயைச் சுருக்கினாலும் பானை அதே பானைதான் என்றேன். பொலிஸ் மறித்தால் அவளுடைய லைசன்ஸ் போகலாம், லைசன்ஸ் போனால் வேலையும் போகும் என்றேன்.

அவர் கடுதாசியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். வளையங்களை மட்டும் என் கையில் வைத்தார்.

"சரி, சட்டம் கிடக்கட்டும். எனக்காகப் பூட்டிவிடும். பலம் குறைஞ்சா அவள் பறக்க மாட்டாள்தானே? துளசிக்குச் சொல்லாதையும். ஒயில் மாத்தினதெண்டு மட்டும் சொல்லும்."

"சொல்லாமல் எப்படி அண்ணை?"

"சொன்னா விடுவாளே? ஒரு கிழமை வீட்டில சமையல் இல்லை, சண்டைதான். பேந்து மச்சான்தான் போனில கதைச்சு வழி சொன்னவன். நான் அவளுக்கு, பேப்பர் வந்திட்டுது, இனி ஓடலாம் எண்டு மட்டும் சொன்னனான். தம்பி, உமக்கு விளங்கும். உமக்கும் பொம்பிளைப் பிள்ளை இருக்கு."

நீ அப்போது தொட்டிலில் இருந்தாய், சின்னவளே.

வளையங்கள் கையில் கனக்கவில்லை. மோதிரம் மாதிரித்தான். ஆனால் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. அவருக்கு இல்லை என்று சொன்னால், நாளைக்கு அம்மா வேலைக்குப் போய் அவர் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அதைவிட, அவர் கேட்டதில் ஒரு ஞாயம் இருப்பது மாதிரியும் பட்டது. பலம் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பிள்ளை தப்பும். அப்படித்தானே எவரும் நினைப்பார்கள்? நானும் ஒரு கணம் அப்படி நினைத்தேன். பிறகு அந்த லொறியின் சில்லு ஞாபகம் வந்தது. துளசி வேலைக்குப் போகிற பாதை எனக்குத் தெரியும். டெக்காரி அதிவேகச் சாலையில் தினமும் போகிறவள். இந்த வண்டியின் முழுப் பலத்தையும் கண்டு பழகிவிட்டாள். இன்று பின்னேரம் ஒரு லொறியை முந்தலாம் என்று முறுக்குவாள்.

பத்ரோனிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெரியப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"யார் ஓடுவது?"

"என்னுடைய மகள்" என்று பெரியப்பா ஆஸ்பத்திரிப் பிரெஞ்சில் சொன்னார்.

"அப்படியென்றால் அவளோடு கதைக்கிறோம்."

"நான் தகப்பன்."

"தெரியும் மிஸ்யூ. வண்டி அவளுடையது." ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கோப்பி ஒன்றும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை.

பெரியப்பா பின்னேரம் வரைக்கும் அந்தக் கதிரையில் இருந்தார். வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு. கோப்பி ஆறிப்போனது. நான் ஒயிலை மாற்றினேன், செயினை இறுக்கினேன். செய்ய வேண்டியது முடிந்த பிறகும் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு முறை எழும்பி வந்து, "முதலாளி உள்ளுக்குப் போயிட்டான். இப்ப பூட்டும். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று மெதுவாகச் சொன்னார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "நீர் எங்கட ஆள் எண்டு நம்பி வந்தன்" என்று சொல்லிப் போய் இருந்தார். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

துளசி ஹெல்மெட்டைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தாள். "என்ன அப்பா, இஞ்சையே குடியிருக்கிறியளோ?" என்று சிரித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுடைய கண் என்னிடம் வந்தது. பத்ரோன் தன் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தினார், அவ்வளவுதான். சொல்ல வேண்டியவன் நான்.

"ஒயில் மாத்தியிருக்கு. செயின் இறுக்கியிருக்கு. வேறை ஒண்டும் செய்யேல்லை" என்றேன். பிறகு வளையங்களை எடுத்துக் காட்டினேன். "அப்பா பலத்தைக் குறைக்கச் சொன்னவர். இந்த வளையத்தைப் பூட்டிறது. நாங்கள் பூட்டேல்லை. உனக்குச் சொல்லாமல் பூட்ட ஏலாது. அடுத்தது, பிள்ளை, பூட்டினாலும் பூட்டாட்டிலும் இது அறுநூறுதான். உன்ர லைசன்சோட இதை ரோட்டில ஓடக் கூடாது."

"மாமான்ர பேப்பர்?"

"அது பிரான்சுக்கு."

அவள் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, ரெண்டு கிழமையா ஓடினனே. நீங்கள் சரியெண்டு சொன்னியள். எனக்கும் சந்தேகம்தான். ஆனா நீங்களே சரியெண்டு சொல்லேக்க எனக்கு நம்ப விருப்பமா இருந்தது. டெக்காரியில ஓடினனே அப்பா!"

"அதுக்குத்தான் பிள்ளை, பலத்தை..."

"களவா! எனக்குத் தெரியாமல்! நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

மேசையிலிருந்த சாவியை எடுத்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். நான் பத்ரோனைப் பார்த்தேன். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். பிறருடைய வண்டியை மறித்து வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. வெளியே வேலை முடிந்து போகிற கார்கள் வரிசையாக நின்றன. அந்தக் கோபத்தோடு அவள் அதற்குள் போனால் என்ன நடக்கும் என்று எனக்குக் கண்ணுக்கு முன் தெரிந்தது.

பெரியப்பா ஓடிப்போய் முன் சில்லுக்கு முன்னால் நின்றார். ஒரு கையால் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளி நில்லுங்கோ அப்பா."

"ஆஸ்பத்திரியில எனக்கு என்ன வேலை தெரியுமோ உனக்கு?"

"ஸ்ட்ரெச்சர் தள்ளுறது."

"அது மட்டுமில்லை." கண்ணாடியை விடாமல் சொன்னார். "மோட்டார் சைக்கிள்ல அடிபட்டு வாற பிள்ளையளின்ர சப்பாத்து, ஹெல்மெட், சாவி, எல்லாத்தையும் ஒரு பையில போடோணும். போட்டுக் கொண்டுபோய் வாசல்ல நிக்கிற தாய் தேப்பனிட்டைக் குடுக்கோணும். அவையள் பையைத்தான் பிள்ளை முதல்ல பாக்கிறது. என்ர முகத்தைப் பாக்கிறேல்லை. கோடை வந்தா... ஒவ்வொரு கோடையும்... நான் வீட்டில சொன்னதில்லை. கொம்மாவுக்கும் தெரியாது."

எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவர் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால் அவள் கேட்பதற்காகக் குனிய வேண்டியிருந்தது. குனிந்தவள் அப்படியே இருந்தாள். பிறகு எஞ்சினை நிறுத்தினாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கவில்லை. உள்ளே அழுகிறாள் என்று தோள் சொன்னது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே அப்பா" என்றாள். "வளையம் வாங்கினதுக்குப் பதிலா."

வண்டி கராஜின் பின்பக்கத்தில் நின்றது. பத்ரோன் அதற்கு ஒரு துணி போட்டு மூடினார். தகப்பனும் மகளும் பஸ்ஸில் போனார்கள். தெருமுனை மட்டும் இரண்டு பேரும் கதைக்காமல், ஆனால் சேர்ந்து நடந்து போனதை நான் பார்த்தேன். பெரியப்பா என்னோடு கன நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "அவர் கேட்டதைச் செய்திருக்கலாமே" என்று அம்மா ஒரு முறை சொன்னா. நான் லொறிக் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் துளசி பெரிய எஞ்சினுக்கான சோதனைக்குப் போய்ப் பாஸ் பண்ணினாள். அடுத்த வருடம் பனி கரைந்ததும் கராஜுக்கு வந்தாள். சட்டப்படி இனி அந்த வண்டியை அப்படியே ஓடலாம். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அங்கிள், அந்த வளையம் நாலும் இருக்கோ? இந்த ஒரு கோடைக்குப் பூட்டி விடுங்கோ. எனக்குத் தெரியப் பூட்டுங்கோ."

பூட்டினோம். கடைசி இரண்டையும் அவளே வைத்தாள். எங்கே பிடிப்பதென்று தெரியாமல் ஒன்றைச் சரித்து வைத்தபோது பத்ரோன் தூரத்திலிருந்து "ஆன்கோர்" என்றார். அவளும் பயந்துதான் போனாள். முதலில் நான் ஓடினேன், பிறகு அவள் ஓடினாள். திரும்பி வந்து, "பாதியில ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அதை மறக்காதே, லொறிக்குப் பக்கத்தில் போகும்போது ஞாபகம் வைத்திரு என்றேன். அந்தக் கோடை முழுக்க அவள் அப்படியே ஓடினாள். எனக்கு ஒவ்வொரு முறையும் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற ஸ்பானர் நின்றுவிடும். வளையம் பூட்டினால் பயம் போய்விடும் என்று பெரியப்பா நினைத்தார். வளையம் எஞ்சினுக்குத்தான். எங்களுக்கு இல்லை.

மறு வருடம் அவள் வந்து கழற்றச் சொன்னாள். "இனி வேண்டாம் அங்கிள். கை பழகிட்டுது."

"அப்பாவுக்குச் சொன்னியோ?"

"சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். அவரும் வந்தவர். வெளியில நிக்கிறார். உள்ளுக்கு வர மாட்டாராம்."

திரும்ப எல்லாவற்றையும் இறக்கி நாலு வளையத்தையும் எடுத்தேன். நாலு சிலிண்டரையும் சரிபார்த்தேன். முறுக்கிப் பார்த்தேன். தெருவில் ஓடிப் பார்த்துவிட்டு வந்து அவளுக்கு முன்னால் நின்று, கழற்றிவிட்டேன், இனி முழுப் பலமும் இருக்கிறது, போன வருடம் மாதிரி நினைத்து முறுக்காதே, முதல் நாள் மெதுவாகப் போ என்று சொன்னேன். "ஓம் அங்கிள், ஓம்" என்றாள். ஏறிப் போனாள்.

பத்ரோனின் பழக்கப்படி ஓடுகிறவருக்குச் சொன்னால் போதும். ஆனாலும் நான் வாசலுக்குப் போனேன். பெரியப்பா மதிலோரம் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நாலையும் கழட்டிட்டன் அண்ணை."

"தெரியும்" என்றார். "சத்தத்தில தெரியுது. ஒவ்வொரு நாளும் அவள் வீட்டை வாற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதானே படுத்திருக்கிறனான்."

அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. அவள் போன பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். சந்தியில் அவள் கியர் மாற்றுவது கேட்டது. "ரெண்டு" என்றார் வாய்க்குள். கொஞ்ச நேரத்தில் "மூண்டு" என்றார். அதற்குப் பிறகு பஸ் ஒன்று குறுக்கே போனது; வண்டிச் சத்தம் தெருச் சத்தத்தோடு கலந்துவிட்டது. அவர் அசையாமல் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளேயிருந்து பத்ரோன் ஒரு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாசல் வரை வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை கூப்பிடவில்லை.